ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு எடுங்கள்: புளூமனாக் கிராமம் பற்றி ஒரு விரிவான பதில்

செப்டம்பர் கடைசியில் பாரிசுக்கு வருவதாகவும், அதில் மூன்று நாட்களைப் பிரான்சின் வடமேற்கு மூலையிலுள்ள பிரித்தானிக் கரையில் கழிக்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். மோன்-சென்-மிஷேல் போலக் கூட்டம் நெரியும் இடம் வேண்டாம், கடல் ஏறுவதையும் வற்றுவதையும் உட்கார்ந்து பார்க்கக்கூடிய சிறிய ஊர் வேண்டும், எட்டு வயது மகளும் உடன் வருகிறாள், கார் கிடையாது என்பவை உங்கள் நிபந்தனைகள். எந்த ஊருக்குப் போவது, எந்த நாட்களில் போவது, போனால் என்ன பார்ப்பது என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஊரைச் சரியாகத் தேர்ந்து நாளைத் தவறாகத் தேர்ந்தால் பயணம் வீண் என்பதால், இரண்டாவது கேள்விக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஊர் புளூமனாக். கோத்-தார்மோர் மாவட்டத்தில் பெரோஸ்-கிரெக் நகராட்சிக்கு உட்பட்ட ஒரு பழைய மீனவக் குடியிருப்பு இது. பெயரைப் பார்த்து, பிரித்தானியின் நூற்றுக்கணக்கான ஊர்ப்பெயர்களில் வரும் ‘புளூ’ என்னும் சொல் (தேவாலயப் பங்கைக் குறிப்பது) இதிலும் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இந்த நிலத்தின் பழைய மொழியான பிரெத்தோனில் ‘பூல்’ என்றால் குளம், ‘மனாக்’ என்றால் துறவி. துறவியின் குளம் என்பதே இப்பெயரின் பொருளாகச் சொல்லப்படுகிறது. கடல் வற்றும்போது இந்த வளைகுடாவில் தேங்கி நிற்கும் நீரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. (பிரித்தானி என்பதை நம்மவர்கள் பிரித்தானியாவோடு குழப்பிக்கொள்வதும் முழுத் தவறு அன்று. 5, 6 ஆம் நூற்றாண்டுகளில் கடல் கடந்து வந்து குடியேறிய பிரித்தானியர்களால்தான் இந்த நிலத்துக்கு அப்பெயர் வந்தது.)

இனி நாட்களைப் பற்றி. சென்னைக் கடற்கரையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூடக் கடல் மட்டம் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதனால் ஓதம் என்னும் இந்தக் கடல் ஏற்ற இறக்கம் மீனவர்களும் துறைமுகக்காரர்களும் மட்டும் கவனிக்கும் விஷயமாக நமக்கு இருந்துவிட்டது. புளூமனாக்கில் உவா நாட்களை, அதாவது அமாவாசை, பௌர்ணமியை, ஒட்டிய சராசரி வேறுபாடே எட்டு மீட்டர் அளவில் இருக்கும். அதாவது ஏறக்குறைய மூன்று மாடிக் கட்டடத்தின் உயரத்துக்குக் கடல் ஆறு மணி நேரத்தில் ஏறி, அடுத்த ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடும். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஓத அலை, ஆழம் குறைந்த ஆங்கிலக் கால்வாய்க்குள் நுழைந்து, எதிரே சுவர்போல் நீட்டிக்கொண்டிருக்கும் கொத்தாந்தேன் தீபகற்பத்தில் முட்டிக் குவிவதே இதற்குக் காரணம். அதனால்தான் பிரித்தானியின் மேற்கு முனையிலுள்ள பிரெஸ்த் துறையில் ஏழு மீட்டர் அளவில் இருக்கும் பெரிய ஓதம், கிழக்கே போகப்போக உயர்ந்து, மோன்-சென்-மிஷேல் வளைகுடாவில் பதினான்கு மீட்டரை எட்டுகிறது. புளூமனாக் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

ஆனால் இது எல்லா நாளும் நடப்பதில்லை. பிரான்சில் ஒவ்வொரு ஓதத்துக்கும் 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுப்பார்கள். அதைக் ‘கோஎஃபிசியான்’ என்பார்கள், நாம் ஓதக் கெழு என்று சொல்லலாம். பிரெஸ்த் துறையை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படும் இந்த எண், அட்லாண்டிக், கால்வாய்க் கரைகள் முழுமைக்கும் பொதுவானது. 45 என்றால் எட்டாம் பிறையை ஒட்டி வரும் சராசரிச் சிற்றோதம். 95 என்றால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் சராசரிப் பேரோதம். சம இரவு நாட்களை ஒட்டி மார்ச்சிலும் செப்டம்பரிலும் 100ஐத் தாண்டும். 2015 மார்ச் 21 அன்று 119 வந்தபோது ‘நூற்றாண்டின் ஓதம்’ என்று செய்தித்தாள்கள் எழுத, கரையெங்கும் திருவிழாக் கூட்டம் திரண்டது. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப வரும் ஒன்றுக்கு நூற்றாண்டு என்று பெயர் வைத்தது செய்தித்தாள்களின் வழக்கமான தாராளம்.

நான் முதன்முறை போனபோது இந்த எண்ணைப் பற்றி எதுவும் அறியாமல், பள்ளி விடுமுறையைப் பார்த்து நாளைக் குறித்தேன். அன்றைய கெழு நாற்பதுக்குச் சற்று மேலே இருந்தது. கடல் நான்கு மீட்டர்கூட இறங்கவில்லை. அழகான பாறைகள், அமைதியான தண்ணீர், நல்ல அப்பம் என்று பார்த்துவிட்டு, ஓதத்தைப் பற்றி மற்றவர்கள் சொன்னதெல்லாம் மிகை என்ற முடிவோடு திரும்பினேன். மூன்று ஆண்டுகள் கழித்து 100க்கு மேற்பட்ட ஒரு நாளில் போனபோது, முதல்முறை படகில் கடந்த இடத்தில் ஒரு பெண்மணி நாயோடு நடந்துகொண்டிருந்தார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பயண வாரத்தில் அமாவாசையோ பௌர்ணமியோ எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். பேரோதம் அந்த நாளிலேயே வராது, ஏறத்தாழ ஒன்றரை நாள் கழித்தே வரும். அதை நடுவில் வைத்து மூன்று நாட்களை அமையுங்கள். செப்டம்பர் கடைசியாதலால் அந்த உவா சராசரியைவிடப் பெரியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சந்திரன் பூமிக்கு அருகில் வரும் நாளோடு அது சேர்ந்துகொண்டால் இன்னும் பெரிதாகும். துல்லியமான நேரங்களைப் பிரெஞ்சுக் கடற்படையின் நீரளவைத் துறையான ஷோம் வெளியிடுகிறது. அதே கணக்கைச் சிறு கையேடாக அச்சிட்டுப் புகையிலைக் கடைகளிலும் செய்தித்தாள் கடைகளிலும் விற்பார்கள். வாங்கும்போது, அதில் போட்டிருக்கும் நேரம் கோடைக்கால நேரமா என்பதை மட்டும் கட்டாயம் பாருங்கள். சில கையேடுகளில் ஒரு மணி நேரத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு செய்தி வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஓதம் நாளுக்கு நாள் ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப்போனாலும், ஒரு குறிப்பிட்ட கரையில் பேரோதத்தின் வற்றம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ அதே மணிக்குத்தான் வரும். இந்தக் கரையில், கோடைக்கால நேரப்படி, அது பிற்பகல் ஒன்று முதல் மூன்று மணிக்குள் இருக்கும். ஏற்றம் காலையிலும் மாலை ஏழு முதல் ஒன்பதுக்குள்ளும் அமையும். செப்டம்பர் கடைசியில் இங்கே சூரியன் மறைவது எட்டு மணியை ஒட்டி. எனவே நண்பகல் வெளிச்சத்தில் கடலின் அடித்தளத்தில் நடந்துவிட்டு, அந்தி வெளிச்சத்தில் அதே இடம் மூழ்கிக் கிடப்பதைப் பார்க்கும் பேறு உங்களுக்குக் கிடைக்கும். இதில் ஒரே சிக்கல் சாப்பாடுதான். பிரான்சின் சிறு ஊர்களில் மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரைதான் பரிமாறப்படும். கடல் வற்றுவதும் அதே நேரம். பேரோத நாளில் உணவகத்தை மறந்துவிட்டு, காலையிலேயே ரொட்டிக்கடையில் எதையாவது வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பேரோத நாளன்று பதினொரு மணிக்கே புனித கிரெக் கடற்கரைக்கு வந்துவிடுங்கள். ஊரின் நடுவில், வீடுகளுக்கு முன்னால், சிறு முற்றம்போல் அமைந்த மணற்கரை அது. ஓரத்தில் ஒரு பாறைமேல் தூண்கள் தாங்கும் கற்கூரையோடு ஒரு சின்ன வழிபாட்டு மாடம் நிற்கும். ஏற்றத்தின்போது அதைச் சுற்றிக் கடல் இருக்கும். வற்றத்தின்போது காலில் ஈரம் படாமல் போய் வரலாம். 6 ஆம் நூற்றாண்டில் வேல்சிலிருந்து வந்து இங்கே கரையேறியதாகச் சொல்லப்படும் துறவி கிரெக்கின் சிலை அதற்குள் இருக்கிறது. திருமணத்துக்குக் காத்திருந்த பெண்கள் இந்தத் துறவியின் மூக்கில் ஊசியைக் குத்திவிட்டுப் போவார்களாம். குத்திய ஊசி விழாமல் நின்றால் அந்த ஆண்டுக்குள் திருமணம் நடக்கும் என்று நம்பிக்கை. மரச்சிலையின் மூக்கு தேய்ந்தே போனதால், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டுக் கருங்கல் சிலையை வைத்தார்கள். கல்லில் ஊசி ஏறாது என்றாலும் அதன் மூக்கும் முழுமையாக இல்லை என்பதை உங்கள் மகள் முதலில் கண்டுபிடிப்பாள். வரம் கேட்கப் போகிறவர்கள்கூடக் கடல் வழிவிடும் நேரம் பார்த்துத்தான் போக வேண்டியிருந்தது என்பதே இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி.

அங்கிருந்து வளைகுடாவைப் பார்த்தால், ஒரு தீவின்மேல் இளஞ்சிவப்புக் கல்லில் கட்டிய கோட்டை ஒன்று தெரியும். கோஸ்தாயெரெஸ் என்னும் அந்த மாளிகை இடைக்காலத்தது போலத் தோன்றினாலும், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் புரூனோ அப்தாங்க்-அபகனோவிச் என்ற கணித அறிஞரால் கட்டப்பட்டது. போலந்து எழுத்தாளர் ஹென்ரிக் சியென்கியேவிச் அவருடைய விருந்தினராக இங்கே தங்கியிருக்கிறார். இப்போதும் தனியார் உடைமைதான், உள்ளே போக முடியாது. எதிர்க்கரையில் த்ரெகாஸ்தெல் ஊரைச் சேர்ந்த தூரொனி கடற்கரையிலிருந்து பார்த்தால், வற்றத்தின்போது மணல் அந்தத் தீவின் அடிவரை நீண்டு கிடக்கும். காலையில் தீவாக இருந்தது மதியம் மேடாகிவிடும்.

புளூமனாக்கின் துறைமுகத்தைக் கட்டாயம் வற்றத்தில் பாருங்கள். வாயிலில் நீரைத் தேக்கும் ஒரு தடுப்புத் தளம் இருக்கிறது. வெளிக்கடல் அதற்குக் கீழே இறங்கிவிட்டாலும் உள்ளே நீர் நின்று படகுகளை மிதக்க வைக்கும். ஆனால் கடல் மீண்டும் அந்தத் தளத்தின்மேல் போதிய அளவு ஏறும்வரை எந்தப் படகும் வரவோ போகவோ முடியாது. வெளியே கட்டியிருக்கும் படகுகளோ மணலில் பக்கவாட்டில் சாய்ந்தும், சில இரட்டை அடிக்கட்டைகளில் நிமிர்ந்தும் உட்கார்ந்திருக்கும்.

துறைமுகத்தின் உள்மூலையில் நிற்கும் ஓத ஆலைதான் இந்த ஊரில் நான் மிக அதிக நேரம் நின்று பார்த்த கட்டடம். 14 ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கே ஆலை இருந்திருக்கிறது. ஓடையின் வாயை ஓர் அணைச்சுவர் மறிக்கும். கடல் ஏறும்போது மதகு திறந்து குளம் நிறையும். உச்சத்தில் மதகு மூடிக்கொள்ளும். வெளியே கடல் போதிய ஆழம் இறங்கியதும் குளத்து நீரைச் சக்கரத்தின்மேல் விட்டு மாவு அரைப்பார்கள். காற்றுக்கோ மழைக்கோ காத்திருக்க வேண்டியதில்லை, நாளுக்கு இரண்டு முறை நிச்சயமாக வேலை நடக்கும். ஆனால் அந்த வேலை நேரத்தை முடிவு செய்தது சந்திரன்தான். நள்ளிரவில் அரைக்க வேண்டிய நாளில் ஆலைக்காரர் நள்ளிரவில்தான் எழுந்தாக வேண்டும். இதே தத்துவத்தில்தான் இங்கிருந்து கிழக்கே ரான்ஸ் ஆற்றின் முகத்துவாரத்தில் 1966இல் 240 மெகாவாட் ஓத மின்நிலையம் கட்டப்பட்டது. ஆலைக்குப் பின்னால் த்ராவியெரோ பள்ளத்தாக்கு, பெரும் பாறைகளும் பெரணிச் செடிகளுமாக நிழலடர்ந்து உள்ளே போகிறது. மழை வந்தால் அங்கே ஒதுங்குங்கள்.

ஏற்றத்தின்போது செய்ய வேண்டியது சுங்கக்காவலர் பாதையில் நடப்பது. கள்ளக்கடத்தலைத் தடுக்கப் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் காவலர்கள் ரோந்து போன தடம் அது; இன்று ஜி.ஆர். 34 என்ற பெயரில் மோன்-சென்-மிஷேலிலிருந்து சென்-நசேர் வரை ஏறத்தாழ 2000 கிலோமீட்டர் ஓடும் நடைபாதையின் ஒரு பகுதி. பெரோஸ்-கிரெக்கின் த்ரெஸ்த்ராவு கடற்கரையிலிருந்து புளூமனாக் வரையிலான துண்டை எட்டு வயதுக் குழந்தை நின்று நின்று நடந்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடித்துவிடும். இங்குள்ள பாறைகள் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் உறைந்த கிரானைட். இளஞ்சிவப்பு நிறம் அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தால் வருகிறது. மண்ணுக்கடியில் விரிசல்கள் வழியே நீர் இறங்கி மூலைகளைத் தின்றது; பிறகு மேல்மண் அரித்துப்போக, உருண்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மிஞ்சின. ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நெப்போலியனின் தொப்பி’ என்ற பாறைக்கு மட்டும் உண்மையான வரலாறு உண்டு. 1944 ஆகஸ்டில், அந்தத் தொப்பி இன்னும் பெரோஸ்-கிரெக்கில் இருக்கிறதா என்று லண்டன் வானொலி கேட்டது. ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த பிரித்தானி விடுதலைப் படையினர் எழுச்சியைத் தொடங்குவதற்கான மறைமொழி அது. அதே ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் மேன் ரூஸ் கலங்கரை விளக்கத்தைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். ‘சிவப்புக் கல்’ என்று பொருள்படும் பெயருடைய அந்த விளக்கம், போருக்குப் பின் அதே சிவந்த கல்லில் மீண்டும் எழுப்பப்பட்டது. நீங்கள் வரும் நாளில் காற்று பலமாக இருந்தால், ஏற்றத்தை ஒட்டிய ஒரு மணி நேரம் அதன் அடியில் நிற்பதைவிடச் சிறந்த காட்சி வேறில்லை, ஆனால் பாறைகளின் கடல் முகப்புக்கு இறங்காதீர்கள்.

இது அழகான இடம் மட்டும் அன்று, அடிபட்ட இடமும்கூட. 1967இல் டோரி கேன்யன், 1978 மார்ச்சில் அமோக்கோ காடிஸ், 1980இல் தானியோ என்று மூன்று எண்ணெய்க் கப்பல்களின் கசிவும் இந்தக் கரையை மூழ்கடித்தன. அமோக்கோ காடிசில் மட்டும் இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. ஓதம் பெரிதாக இருந்ததால் எண்ணெய் ஒரு கோடாக ஒதுங்காமல், எட்டு மீட்டர் உயரத்துக்கும் பாறைகளில் ஏறி இறங்கிப் பூசிக்கொண்டது. கரைக்கு எதிரே இருக்கும் ஏழு தீவுகளின் பஃபின் பறவைகள் இதில் பெரும்பகுதி அழிந்தன. அந்தப் பறவைகளைச் சுட்டுத் தீர்க்கும் பொழுதுபோக்கை எதிர்த்துத்தான் 1912இல் பிரான்சின் பறவைப் பாதுகாப்புச் சங்கமே தொடங்கியது என்பது இன்னும் கொடுமை. த்ரெஸ்த்ராவிலிருந்து படகில் போய்த் தீவுகளைச் சுற்றி வரலாம். செப்டம்பர் கடைசியில் பஃபின்கள் இருக்காது; ரூசிக் தீவை வெண்மையாக்கும் கேனட் பறவைகள் இன்னும் மிஞ்சியிருக்கும், சாம்பல் நிறச் சீல்களையும் பார்க்கலாம்.

மகளோடு வற்றிய கடலில் இறங்குவது பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இறங்கலாம், இறங்கவும் வேண்டும். ஆனால் நேரத்தை நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும். நீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் மணியில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று என்பது மாலுமிகளின் கணக்கு. ஒன்பது மீட்டர் ஓதத்தில் நடு இரண்டு மணி நேரத்தில் மட்டும் நான்கரை மீட்டர் ஏறும்; தட்டையான மணலில் அது நடக்கும் குழந்தையைத் துரத்தும் வேகம். அதைவிட ஆபத்தானது, நீர் எதிரிலிருந்து மட்டும் வராது என்பது. நமக்கும் கரைக்கும் நடுவிலுள்ள தாழ்ந்த வாய்க்கால்கள் முதலில் நிரம்பிவிடும், நாம் நிற்கும் மேடு அதுவரை உலர்ந்தே இருக்கும். எனக்கு ஒருமுறை இடுப்பளவு நீரில், காலணியைக் கையில் பிடித்தபடி திரும்ப வேண்டியிருந்தது; தவறு முழுக்க என்னுடையது, நண்டைப் பார்த்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன் இறங்குங்கள், வற்றம் முடிந்த நேரத்திலிருந்து கரையை நோக்கித் திரும்புங்கள், கைப்பேசியில் அதற்கு ஒலிமணி வைத்துவிடுங்கள். கடல் அவசரத்துக்கு அழைக்கும் எண் 196.

வாளியும் வலையும் எடுத்துக்கொண்டு சிப்பியும் இறாலும் பொறுக்கும் குடும்பங்களை நூற்றுக்கணக்கில் பார்ப்பீர்கள். ‘பேஷ் ஆ பியே’ என்று இதைச் சொல்கிறார்கள்; நடந்து போய்ப் பிடிப்பது என்று பொருள். ஒவ்வோர் உயிருக்கும் சட்டப்படி குறைந்தபட்ச அளவும், எடுக்கக்கூடிய எண்ணிக்கையும், சிலவற்றுக்குத் தடைக் காலமும் உண்டு என்பதால், முதல்முறை வருகிறவர்கள் பார்த்துவிட்டு விட்டுவிடுவதே நல்லது. புரட்டிய கல்லை அதே முகம் மேலே இருக்கும்படி திருப்பி வைக்கச் சொல்லி மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். கல்லின் அடிப்பக்கத்தில் வாழ்வன வெயிலிலும், மேற்பக்கத்துக் கடற்பாசி இருட்டிலும் செத்துவிடும்.

வந்து சேரும் வழி எளிது. பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயிலைப் பிடித்து, பெரும்பாலும் புளுவாரேயில் உள்ளூர் ரயிலுக்கு மாறி, லானியோனில் இறங்கினால், அங்கிருந்து பெரோஸ்-கிரெக் பக்கம் பேருந்து இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்து குறைவு என்பதால் அன்று வந்து சேராதீர்கள். பெரோஸ்-கிரெக் நகரில் அறைகள் அதிகம் கிடைக்கும், இருந்தாலும் கிராமத்துக்குள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் போன பின்னும், அது வருமுன்னும்தான் ஊர் தன் நிலைக்குத் திரும்புகிறது. 2015இல் தொலைக்காட்சி வாக்கெடுப்பில் ‘பிரெஞ்சு மக்களுக்குப் பிடித்த கிராமம்’ என்று தேர்வானதிலிருந்து ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இங்கே கால் வைக்க இடமிருக்காது. செப்டம்பர் கடைசியில் அந்தத் தொல்லை இல்லை.

பயண வாரத்தில் உவா வரவே இல்லையென்றால் ஊரை மாற்ற வேண்டாம், எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள். சிற்றோத நாட்களில் ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும், நீர் அதிகம் விலகாது, நீரோட்டமும் மெதுவாக இருக்கும். குளிக்கவும், வளைகுடாவுக்குள் துடுப்புப் படகில் போகவும் அவைதாம் ஏற்றவை. உங்கள் தேதிகளை எழுதுங்கள், அந்த நாட்களின் கெழுவையும் வற்ற நேரத்தையும் பார்த்துச் சொல்கிறேன்.